காற்றுக்கு மறைவான பக்கம்

முந்தின நாள் இரவே வேலை தொடங்கிவிடும். மறுநாள் என் வள்ளத்தில் ஏறப்போகிற குடும்பம் அந்நேரம் ஊருக்குள் எங்காவது இரவுச் சாப்பாட்டில் இருக்கும். கைபேசிக்கு ஒரு படம் வரும்: வெள்ளைக் கற்சுவர்களுக்கு நடுவே பச்சையும் நீலமுமாக ஒரு குடா. கீழே ஒரு வரி, "நாளைக்கு இங்கேதானே போகிறோம்?" குடாவின் பெயர் காலா ரொஸ்ஸா. ஃபவிஞ்ஞானா தீவைப் பற்றிய விளம்பரம் எதை எடுத்தாலும் அந்தப் படம் இருக்கும். "காலையில் காற்றைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று பதில் எழுதுவேன். சிலர் அதற்குமேல் கேட்பதில்லை. சிலர், காசு கட்டியதே அந்தக் குடாவுக்காகத்தான் என்று மறுபடி எழுதுவார்கள். இரவில் அவர்களுக்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. காலையில் துறைமுகத்தில் நிற்கும்போது, முகத்தில் காற்றுப் பட்டபிறகு சொன்னால் விளங்கும்.

சிசிலியின் மேற்கு முனையில் திராப்பானி நகரம். அங்கிருந்து விரைவுப் படகில் அரை மணி நேரம் வந்தால் ஃபவிஞ்ஞானா. ஏகதி தீவுக்கூட்டத்தில் இதுதான் பெரியது. லேவன்சோவும் மரேத்திமோவும் மற்ற இரண்டு. இடையில் ஃபோர்மிகா, மரவோனே என்று இரண்டு சிறு திட்டுகள். பெரியது என்றாலும் பரப்பு ஏறக்குறைய 20 சதுரக் கிலோமீட்டர்தான். கரையின் நீளம் சுமார் 33 கிலோமீட்டர். வரைபடத்தில் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி என்று ஊர்க்காரர் சொல்வார்கள். உடம்பு இருக்கவேண்டிய இடத்தில் வடக்குத் தெற்காக சாந்தா கத்தரீனா மலை, 314 மீட்டர், உச்சியில் பழைய கோட்டை. கிழக்கு இறக்கை தட்டை நிலம். மேற்கு இறக்கையில் வீடுகள் குறைவு, பாறை அதிகம்.

எங்களுக்குச் சோறு போடுவது இந்த வடிவம்தான். எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் தீவின் ஏதோ ஒரு பக்கம் காற்றுக்கு மறைவாகிவிடும். கோடையில் அதிகம் வருவது வடமேற்கிலிருந்து வீசும் மயெஸ்த்ராலே. அது அடிக்கும் நாளில் வடகரை முழுக்க அலை. காலா ரொஸ்ஸா வடக்கைப் பார்த்த குடா. உள்ளே வரும் அலை வெட்டிய கற்சுவரில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு சண்டை பிடிக்கும். வள்ளம் ஒரு சீராக ஆடாமல் உதறும். அதே நேரத்தில் தென்கரையில், லீதோ புர்ரோனே மணற்கரையிலும் தென்கிழக்கு முனையிலுள்ள காலா அட்ஸூர்ராவிலும், தண்ணீர் ஆடாமல் கிடக்கும். தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோ எழுந்தால் எல்லாம் தலைகீழ். சகாராவின் தூளைக் கொண்டுவந்து வள்ளத்தின் வெள்ளைத் தளத்தில் செம்மண் பூசிவிடும் காற்று அது. அன்றைக்குத் தென்கரை கலங்கும், காலா ரொஸ்ஸா தெளியும். படத்தில் அவர்கள் பார்த்த நீலம் அப்படியொரு நாளில் எடுத்தது.

காற்றுக்கு மறைவான பக்கத்திலும் ஒரு ஆபத்து உண்டு. அதைத் தெரியாமல் எத்தனையோ பேர் இந்தக் கடலில் படகு வாடகைக்கு எடுக்கிறார்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோரத் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். பிள்ளைகளைக் காற்றடைத்த மெத்தையில் படுக்கவிட்டு அப்பா அம்மா கண்ணயர்வார்கள். மெத்தை மெல்ல வெளியே நகரும். ஐம்பது மீட்டர் தாண்டியதும் மறைவு தீர்ந்து காற்று நேராகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீந்தித் திரும்புவது பெரியவர்களுக்கே கஷ்டம். என் வள்ளத்தில் மெத்தை இருந்தால் அதற்கொரு கயிறும் இருக்கும், கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் கட்டியிருக்கும். இதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

காற்றைப் பார்க்க இப்போது கருவிகள் நிறைய. வி.எச்.எப். வானொலியில் 68ஆம் அலைவரிசையில் இத்தாலியக் கடல் வானிலை அறிக்கை நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். கைபேசிச் செயலியில் மணிவாரியாக அம்புக்குறிகள். ஆனால் அறிக்கை பேசுவது பெரிய கடற்பரப்பைப் பற்றி. ஃபவிஞ்ஞானாவுக்கும் லேவன்சோவுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய கால்வாயில் காற்று நெருக்குப்பட்டு இன்னும் வேகமெடுக்கும்; மலைக்குக் கீழே சில இடங்களில் திடீரென்று சுழன்று இறங்கும். அதை அம்புக்குறி சொல்லாது. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கொரு ஆள் கிடைத்தார்.

நான் குருநகர்க்காரன். அப்பா யாழ்ப்பாணக் கடனீரேரியில் வலை போட்டவர். தொண்ணூறுகளில் புறப்பட்டு, பல நாடுகள் சுற்றி, பலெர்மோவில் வந்து நின்றேன். எண்பதுகளிலிருந்தே எங்கள் சனம் அங்கே இருந்தது. பெரும்பாலும் வீட்டு வேலை, முதியோரைப் பார்க்கும் வேலை. நானும் அதைத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போவோம். 1624இல் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்தவள் என்று நகரமே கும்பிடுகிற புனிதை. சைவக்காரரும் வேதக்காரரும் ஒன்றாக ஏறி மெழுகுதிரி கொளுத்தித் திரும்புவோம். மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் கடல் தெரியும். கோடைக்கு ஃபவிஞ்ஞானாவில் படகு கழுவ ஆள் தேவை என்று ஒருவர் சொன்னபோது இரண்டாவது கேள்வி கேட்காமல் போனேன்.

கழுவத்தான் போனேன். உப்புத் தண்ணீரில் நாள் முழுக்கக் கிடந்த வள்ளத்தை மாலையில் நல்ல தண்ணீரால் அலசி, மெத்தையுறைகளைக் காயவைத்து, கயிறுகளைச் சுருட்டி வைப்பது. அங்கேதான் அந்தப் பெரியவரைக் கண்டேன். இளமையில் சூரை மீன் வேட்டையில் கயிறு பிடித்தவர். அப்போது ஒரு பழைய கோட்ஸோ வைத்திருந்தார். கோட்ஸோ என்பது இரண்டு முனையும் கூம்பிய, வயிறு உருண்ட மரவள்ளம். முன்பு மீனுக்குப் போனது, இப்போது மேலே சீலைக்கூரை கட்டிச் சுற்றுலாவுக்குப் போகிறது. நான் ஒரு கயிற்றை முடிந்ததைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இந்த முடிச்சை யார் காட்டித் தந்தது?"

"அப்பா."

"கடலுக்குப் போறவரா?"

"ஓம்."

"அப்ப நாளைக்குக் காலையில் என்னோடு வா, மகனே."

அந்த ஊரில் வயதில் மூத்த ஆண்களை 'ட்ஸூ' என்று கூப்பிடுவார்கள், நாங்கள் மாமா என்பதுபோல. நானும் அப்படியே கூப்பிட்டேன். ட்ஸூ எனக்குப் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் இருத்திக்கொண்டு போனார், அவ்வளவுதான். எரீச்சே மலையுச்சியில் மேகம் குந்தியிருக்கிறதா, மரேத்திமோவின் பாறை மடிப்புகள் எண்ணும்படி தெளிவாகத் தெரிகிறதா, தண்ணீரின் மேல் கறுப்புச் சுருக்கம் எந்தப் பக்கமிருந்து ஓடிவருகிறது, கட்டிய படகுகள் எந்தத் திசைக்கு மூக்கைத் திருப்பி நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு சட்டப்படி படித்தேன். 40 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கும், கரையிலிருந்து ஆறு கடல்மைலுக்கு அப்பால் போவதற்கும் இத்தாலியில் படகோட்டும் உரிமம் வேண்டும். கூலிக்கு ஆள் ஏற்றுவதென்றால் அதற்குமேல் தொழில் தகுதியும் வேண்டும். இத்தாலிய மொழியில் சோதனை எழுதுவதைவிட, அவர் பக்கத்தில் வாய் பேசாமல் இருந்து கவனிப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அதில்தான் அதிகம் கற்றேன்.

தனிப்பட்ட படகுச் சுற்றுலா என்றால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. திராப்பானியிலிருந்து பெரிய கப்பல்கள் ஒரே தடவையில் நிறையப் பேரை ஏற்றி வருகின்றன. அவற்றுக்கு நேர அட்டவணை உண்டு. இத்தனை மணிக்கு இந்தக் குடா, குளிக்க இவ்வளவு நேரம், பிறகு மதிய உணவு. மலிவு. தவறு ஒன்றுமில்லை. சின்ன வள்ளத்தில் ஒரு குடும்பம் மட்டும் வரும்போது அட்டவணையை நாங்கள் கடலில் வைத்து எழுதலாம். ஒரு குடாவுக்குள் நுழையும்போதே அங்கே பத்துப் படகு நிற்கிறதென்றால் திருப்பிவிடலாம். பாட்டிக்குத் தலை சுற்றினால் உடனே மறைவுக்குள் ஒதுங்கலாம். ஒரு பிள்ளை ஒரே பாறையடியில் இரண்டு மணி நேரம் மீன் பார்க்க ஆசைப்பட்டால் இருக்கலாம். மெத்தைக்கும் குளிர்ந்த வைனுக்கும் கொடுப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் காசு இப்படித் திரும்பிக்கொள்ளவும் நின்றுகொள்ளவும் கிடைக்கும் சுதந்திரத்துக்குத்தான். சட்டம் 12 பயணிகளை அனுமதிக்கிறது. நான் ஏழெட்டுப் பேருக்கு மேல் விரும்புவதில்லை. அதற்குமேல் போனால் ஆட்களை எண்ணுவதிலேயே நாள் போய்விடும்.

ஏறும்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு கூடைக்குள் வாங்குவேன். யார் கையைத் தேடுகிறார், யார் கை கொடுத்தாலும் வேண்டாமென்று தாவுகிறார் என்று பார்ப்பேன். தாவுகிறவர்மேல்தான் கண் வைக்கவேண்டும். பயப்படுகிறவரைப் பின்பக்கம், இயந்திரத்துக்குச் சற்று முன்னால் இருத்துவேன்; ஆட்டம் அங்கேதான் குறைவு. அணியத்தில் படுத்து வெயில் காய ஆசைப்படும் இளசுகளைக் குடாவுக்குள் போனபிறகுதான் அங்கே விடுவேன். குமட்டல் வந்தவரிடம் கைபேசியை வாங்கி வைத்துவிட்டுத் தொலைவிலுள்ள மரேத்திமோவைப் பார்க்கச் சொல்வேன். அசையாத ஒன்றைக் கண் பிடித்துக்கொண்டால் வயிறு மெல்ல அடங்கும். தண்ணீருக்குள் இறக்குவதற்கு முன்னால் நானே முகமூடி போட்டு ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். நீரோட்டம் சில நாள் ஊதாநிறச் சொறிமுட்டைகளைக் கூட்டமாகக் கொண்டுவந்து ஒரு பக்கத்தில் சேர்க்கும். பட்டவருக்குக் கடல் தண்ணீரால்தான் கழுவவேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிவு கூடும்.

ஷிரோக்கோ லேசாக இருக்கும் காலையொன்றில் துறைமுகத்திலிருந்து கிழக்கே திரும்பினால் முதலில் சான் நிக்கோலா, பிறகு காலா ரொஸ்ஸா. வளைவைத் தாண்டியதும் வள்ளத்தில் பேச்சு நின்றுவிடும். இயற்கை வெட்டிய பாறை என்று முதலில் நினைப்பார்கள். வள்ளம் நெருங்க நெருங்கச் சுவர்களில் நேர்கோடுகள் தெரியும். படிகள், செங்குத்து முகப்புகள், கதவு போன்ற சதுர வாய்கள். எல்லாம் மனிதக் கை. ஃபவிஞ்ஞானாவின் கிழக்கு இறக்கை முழுவதும் மென்மையான சுண்ணாம்புக் கல். தூஃபோ என்பார்கள். நூற்றாண்டுக் கணக்காக இதை வெட்டிக் கட்டிகளாக்கி சிசிலி நகரங்களுக்கும் எதிர்க்கரையிலுள்ள துனீசியாவுக்கும் அனுப்பினார்கள். கரையோரத்தில் வெட்டினால் நேரே பாய்க்கப்பலில் ஏற்றிவிடலாம். திராப்பானிப் பக்கத்தில் அந்தச் சரக்குப் பாய்க்கப்பலுக்கு ஸ்கிஃபாட்ஸோ என்று பெயர். வெட்டியவர்கள் பிர்ரியாத்தூரி, கல்லுடைப்பவர்கள். கோடாலி போன்ற கருவியால் கையால் வெட்டினார்கள். ஒவ்வொரு கொத்தின் தடமும் சுவரில் சாய்ந்த கீறலாக இன்றும் இருக்கிறது. வெயில் பக்கவாட்டில் விழும் காலை நேரத்தில் பார்த்தால் அந்தக் கீறல்கள் வரிவரியாக எழுந்து நிற்கும். நடுப்பகலில் தெரியாது. அதற்காகவே காலையில் கொண்டுபோகிறேன்.

ஒருமுறை சுவிஸிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. பதிவு மருமகனின் பெயரில், அவர் சுவிஸ்காரர், அதனால் எனக்குத் தெரியவில்லை. கரையில் நின்று இத்தாலிய மொழியில் வணக்கம் சொன்னேன். பின்னால் சேலையோடு ஒரு வயதான அம்மா வள்ளத்தையும் இடைவெளியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, கையைத் தாங்கோ. பயப்பிடாதேங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்" என்றேன்.

அவர் கையைத் தரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "தம்பி எவ்விடம்?"

"குருநகர், அம்மா."

"நாங்கள் நெடுந்தீவு" என்றார். அதன்பிறகு என் கையைத் தேடவில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, வள்ளம் தாழ்ந்து எழும் கணத்தைப் பார்த்து, எழுந்தபோது காலை வைத்து ஏறி, வாங்கில் போய் இருந்தார். மகள் வாய்திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலா ரொஸ்ஸாவில் எல்லோரும் தண்ணீருக்குள் குதித்தபிறகு அவரும் நானும்தான் மேலே. சுவர்களை வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கல்லை வெட்டினவைக்குக் கூலி என்ன குடுத்திருப்பினம்?" என்று கேட்டார். இத்தனை விருந்தாளிகளில் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை. நெடுந்தீவில் வேலி என்றால் கதியாலோ கிடுகோ கிடையாது. கடற்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய மதில்கள்தான். கல்லைத் தூக்கினவருக்குத்தான் கல்லின் பாரம் தெரியும். வேலை முடிந்த குழிகளுக்குள் காற்றுப் படாமல் எலுமிச்சையும் தோடையும் நட்டு வளர்க்கிறார்கள் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. நில மட்டத்துக்குக் கீழே தோட்டம், மரத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். மத்தியானம் நான் கொண்டுவந்த பாணை நன்றாகச் சாப்பிட்டார். பானே குன்ட்ஸாத்தோ, சூட்டுப் பாணை இரண்டாகப் பிளந்து ஒலிவ் எண்ணெய், தக்காளி, பாற்கட்டி, உப்பு நெத்தலி, ஒரேகானோ இலைத்தூள் வைத்து மூடுவது. "நெத்தலியை இப்பிடியும் சாப்பிடலாம் எண்டு இப்பதான் தெரியுது" என்றார்.

காலா ரொஸ்ஸாவுக்கு அந்தப் பெயர் வந்த கதையையும் எல்லாப் படகுக்காரரும் சொல்வார்கள். கிமு 241 மார்ச் 10ஆம் தேதி ரோமர்களும் கார்த்தேஜ்காரரும் இந்தத் தீவுகளருகே மோதினார்கள். முதலாம் பியூனிக் போர் அந்தச் சண்டையோடு முடிந்தது. இரத்தம் இந்தக் குடாவைச் சிவப்பாக்கியதாம். நானும் சொல்வேன், ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. சண்டை நடந்த இடம் இதுவல்ல என்று கடலடியே சாட்சி சொல்லிவிட்டது. லேவன்சோவுக்கு வடமேற்கே, 80 மீட்டர் ஆழத்தில், கப்பல்களின் முகப்பில் பொருத்தி எதிரிக் கப்பலை இடித்த வெண்கல மூக்குகள் கிடைத்தன. இதுவரை 20க்கும் மேல். அந்தத் தேடலுக்குத் தலைமை தாங்கிய தொல்லியலாளர் செபஸ்தியானோ தூஸா 2019 மார்ச் 10ஆம் தேதி எத்தியோப்பியாவில் நடந்த விமான விபத்தில் இறந்தார். போர் நடந்த அதே தேதி. திராப்பானிப் பக்கத்துக் கடற்காரர்கள் அதை இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். அந்த மூக்குகளில் சிலவற்றை ஃபவிஞ்ஞானா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வள்ளத்தை விட்டு இறங்கியதும் போய்ப் பாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறேன்.

இனி நங்கூரம். இந்தத் தொழிலில் எனக்கு மனசு கொதிக்கிற இடம் இதுதான்.

குடாவுக்குள் போனதும் மெல்ல ஒரு வட்டம் அடிப்பேன். வெளிர் நீலமாகத் தெரிவது மணல். கருநீலமாகப் படர்ந்து தெரிவது பொசிடோனியா. வந்தவர்கள் அதைப் பாசி என்று முகம் சுளிப்பார்கள். அது வேரும் தண்டும் இலையும் பூவும் காயும் உள்ள செடி. இந்த இனம் மத்தியதரைக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் வளர்வதில்லை. 40 மீட்டர் ஆழம் வரைக்கும் புல்வெளியாகப் படர்ந்திருக்கும். குஞ்சு மீன் ஒளிவதும் கணவாய் முட்டையிடுவதும் அதற்குள்தான். மணலைப் பிடித்துவைத்துக் கரையைக் காப்பதும் அது. மாரியில் உதிர்ந்த இலைகள் கரையில் மெத்தையாகக் குவிந்து அலையின் அடியைத் தாங்கிக்கொள்ளும். ஏகதியைச் சுற்றியுள்ள புல்வெளி மத்தியதரைக் கடலின் மிகப் பெரியவற்றில் ஒன்று. தண்ணீர் இந்த நிறத்தில் தெளிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தத் தண்டு பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். ஒரு படகு அதன்மேல் நங்கூரத்தை விட்டால், போட்ட இடத்தில் ஒரு குழி. ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு சங்கிலி விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும். அந்தச் சங்கிலி அடியில் கிடந்து, காற்றுக்குப் படகு திரும்பும்போதெல்லாம் புல்லை வழித்துக்கொண்டு திரும்பும். மாலையில் நங்கூரத்தை இழுக்கும்போது வேரோடு ஒரு கட்டு மேலே வரும். அதைத் தண்ணீரில் உதறிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் காயம் மூடுவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். குளித்த நேரமோ ஒரு மணி.

1991இல் ஏகதியைச் சுற்றி ஏறக்குறைய 54,000 ஹெக்டேர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கினார்கள். ஏ, பி, சி, டி என்று வலயங்கள். ஏ வலயத்துக்குள் யாரும் போகக்கூடாது; மரவோனே திட்டைச் சுற்றியும் மரேத்திமோவின் மேற்குக் கரையில் ஒரு பகுதியிலும் அது. நங்கூரத்துக்குப் பதிலாகக் கட்டிக்கொள்ள மிதவைகள் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் மிதவை கிடைக்காத நாட்கள் உண்டு. அப்போது மணல் திட்டுத் தேடுவேன். அதுவும் இல்லையென்றால் இயந்திரத்தை நிறுத்தி, நான் சுக்கானில் இருந்தபடி வள்ளத்தை மிதக்கவிட்டு, குளிப்பவர்களை அருகிலேயே வைத்துக்கொள்வேன். ஒருமுறை விருந்தாளி ஒருவர் பக்கத்துப் படகைக் காட்டி, "அவன் அங்கேயே போட்டிருக்கிறானே, நீயும் போட்டால் என்ன?" என்றார். அவருக்கு முகமூடியைக் கொடுத்து, அந்தப் படகின் சங்கிலிக்குக் கீழே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். போய்ப் பார்த்தார். ஏறி வந்து துவாயைப் போர்த்திக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

எங்கள் கடனீரேரியிலும் சாதாளை என்கிற கடற்புல் உண்டு. சாதாளைக்குள்தான் இறாலும் நண்டும் பெருகும், அதை மிதிக்காதே என்று அப்பா சொல்வார். வலையைத் தூக்கும்போது அதில் சிக்கிய தழையைப் பொறுக்கித் திரும்பவும் தண்ணீரில் போடுவார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஃபவிஞ்ஞானாவில் யாரும் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காலா ரொஸ்ஸாவைத் தாண்டினால் பூவே மரீனோ. கடல் மாடு என்று பொருள். முன்பு இங்கே கிடந்த துறவிச் சீல்களைத்தான் அப்படி அழைத்தார்கள். அவை இந்தக் கடலில் அற்றுப்போய்விட்டதாகவே பலர் நினைத்திருந்தார்கள். பிறகு மரேத்திமோவின் குகைகளில் வைத்த தானியங்கிக் கருவிகள் 2011 முதல் அவற்றைப் படம் பிடித்தன. அந்தக் குகைகளுக்குப் பக்கத்தில் போய்க் காட்டமுடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: முடியாது.

மேற்கு இறக்கையைச் சுற்றுவது எல்லா நாளும் நடக்காது. புந்தா சொத்தீலே வெளிச்சவீட்டு முனையில் இரண்டு பக்கக் கடலும் சந்திக்கும். ஒரு பக்கம் அமைதியாகத் தெரிந்தாலும் முனையைத் திரும்பியதும் திறந்த கடலின் நீண்ட அலை வந்து பிடிக்கும். தீவை முழுதாகச் சுற்றியதாக ஊரில் போய்ச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு குடும்பத்தை அந்த முனைக்கு முன்னாலேயே திருப்பி, ப்ரேவெதோப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். தகப்பன் கோபப்பட்டார். நான் வாதாடவில்லை, சுக்கானைப் பிடித்திருப்பவன் ஒரு தடவை முடிவெடுத்தபிறகு வாதாடக்கூடாது என்று ட்ஸூ சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அந்த முனையைச் சுற்றி வந்த ஒரு பெரிய ரப்பர் படகில் எல்லோரும் தலைமுதல் கால்வரை நனைந்து, ஒரு பிள்ளை அழுதுகொண்டு போனதைத் தகப்பனும் பார்த்தார். மாலையில் இறங்கும்போது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

துறைமுகத்துக்குத் திரும்பும்போது இடதோ வலதோ, எந்தப் பக்கம் இருந்தவரும் எழுந்து நிற்கிற இடம் ஒன்றுண்டு. நீர்மட்டத்தில் வரிசையாக வளைவு வாசல்கள், மேலே உயர்ந்த புகைபோக்கிகள். ஃப்ளோரியோ தொழிற்சாலை. பலெர்மோவின் இன்யாட்ஸியோ ஃப்ளோரியோ 1874இல் மூன்று தீவுகளையும் மீன்பிடி உரிமையோடு வாங்கினார். இங்கே சூரையை வெட்டி, அவித்து, எண்ணெயிலிட்டுத் தகரத்தில் அடைத்தார்கள். ஆண்களும் பெண்களுமாக ஊரே இங்கே வேலை செய்தது. மே, ஜூனில் முட்டையிட வரும் பெரிய சூரைகளை மறிக்க கடலில் வலையாலேயே அறை அறையாகக் கட்டுவார்கள். கடைசி அறைக்கு மட்டும் அடியிலும் வலை. சாவறை என்று பெயர். படகுகள் நாற்புறமும் சூழ்ந்து நிற்க, பாட்டோடு அந்த வலையைக் கையால் மேலே இழுப்பார்கள். நடுவில் ஒரு சிறு படகில் நின்று கட்டளையிடுபவர் ரயீஸ். வலை எங்கே இறங்கவேண்டும், எப்போது தூக்கவேண்டும் என்பது அவர் சொல். 2007இல் கடைசி வேட்டை நடந்தது. திறந்த கடலிலேயே பெருங்கப்பல்கள் சூரைக் கூட்டங்களைச் சுற்றி வளைக்கத் தொடங்கியபிறகு கரையோர வலைகளுக்கு வருவது குறைந்துபோயிருந்தது.

ட்ஸூ அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றுவார். கொலைவேலை பற்றிப் பெருமை பேசமாட்டார். மீன் துடிப்பதைப் பார்த்தால் முதல் வருஷம் தூக்கம் வரவில்லை என்பார். ஆனால் பாட்டைச் சொல்லும்போது கண் கலங்கும். நூறு கை ஒரே நேரத்தில் இழுக்கவேண்டும், பாட்டில்லாமல் அது நடக்காது. ஒருநாள் பிரெஞ்சுக்காரப் பெண்ணொருத்தி பாடச் சொல்லிக் கேட்டாள். அவர் பாடவில்லை. "அதுக்கு எதிரே நிற்கிறவன் பதில் பாட்டுப் பாடவேணும், மகளே. அவனவன் போய்விட்டான்" என்றார்.

இப்போது அவர் கடலுக்கு வருவதில்லை. மாலையில் நான் வள்ளத்தைக் கட்டும்போது கரையில் கதிரை போட்டிருந்து, இன்றைக்கு எங்கே விட்டாய், எத்தனை மீட்டர், மணலா என்று கேட்பார்.

இந்தத் தீவுக்கு வர நினைப்பவர்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையைத் தவிருங்கள்; இத்தாலி முழுக்க அந்த வாரம் கடற்கரையில் இருக்கும், மிதவை கிடைக்காது, குடாவுக்குள் சத்தமும் புகையும்தான். செப்டம்பரில் வாருங்கள். கோடை முழுக்க வாங்கிய சூடு தண்ணீரில் அப்படியே இருக்கும், பாடசாலை திறந்து கூட்டம் குறைந்திருக்கும். ஒரே நாளில் வந்து திரும்பாமல் இரண்டு மூன்று இரவு தங்குங்கள். எந்த நாள் கடலுக்குப் போவது என்பதைப் படகுக்காரர் சொல்லட்டும். காசு கட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: குடாவுக்குள் போனதும் மிதவையில் கட்டுவீர்களா, நங்கூரம் போடுவீர்களா, போட்டால் எதன்மேல்? உடனே மணல் என்று சொல்லி, எந்தக் குடாவில் எந்தப் பக்கம் மணல் இருக்கிறது என்று விரலால் காட்டுகிறவரோடு ஏறுங்கள். அதெல்லாம் நீங்கள் யோசிக்கத் தேவையில்லை என்று சொல்கிறவரை விட்டு அடுத்த வள்ளத்துக்குப் போங்கள். அந்தத் துறையில் வள்ளத்துக்குக் குறைவில்லை.